கறாராக இருந்தால்தான் கடை ஓடுமா?

கேள்வி: சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிளையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். பில்லிங் கவுண்டரில் சேர்ந்து, இப்போது அசிஸ்டென்ட் மேனேஜர். எங்கள் மேனேஜர் வேறு கிளைக்குப் போவதால் அந்த இடத்துக்கு என்னையே கேட்டிருக்கிறார்கள். 28 பேர் வேலை செய்யும் கடை. புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். கேஷ் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பதால் கவுண்டரில் தினம் அழுகை. இன்வேர்டு (வரும் சரக்கை எண்ணி வாங்கும் பிரிவு) பார்க்கும் அண்ணன் 50 வயதைத் தாண்டியவர், நான் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறார். ஏரியா மேனேஜர் இரண்டு ஆளைக் குறைக்கச் சொல்கிறார். வீட்டில் ராத்திரி குளோசிங் என்றால் தயக்கம். “நீ ரொம்ப சாஃப்ட், கறாரா இல்லன்னா உன்னால கடையை ஓட்ட முடியாது” என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் மாற வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வளசரவாக்கம்

பதில்:

பதவியை வாங்கிக்கொள்ளுங்கள். கறாராக மாறும் யோசனையை மட்டும் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து தொல்லைகளில் ஒன்றுகூடக் குரலை உயர்த்தித் தீரக்கூடியது இல்லை. ஆள் நிற்காததும் கேஷ் குறைவதும் பெரும்பாலும் ஷிஃப்ட் சார்ட்டிலும் கேஷ் நடைமுறையிலும் இருக்கிற ஓட்டைகள். அவற்றை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு அன்பாகப் பேசினாலும் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். எவ்வளவு திட்டினாலும் அப்படித்தான். ஆகவே, முதல் மூன்று மாதம் உங்கள் உழைப்பு முழுவதும் ஏற்பாடுகளின் மேல் போகட்டும்.

ஷிஃப்ட் சார்ட்டில் தொடங்குங்கள். 28 பேர், ஆளுக்கு வாரம் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 168 ஆள்-நாள். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சராசரி 24 பேர். இதில் தினமும் இரண்டு பேராவது உடம்பு சரியில்லை, ஊரில் திருவிழா என்று வரமாட்டார்கள். அதனால் கையில் இருப்பது 22 பேர் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். பல கடைகளில் 28 பேருக்குக் கவுண்டரும் ரேக்கும் பிரித்துவிட்டு, காலையில் ஆள் வராதபோது நின்றுகொண்டே மாற்றுகிறார்கள். அந்த மாற்றம் எப்போதும் மறுத்துப் பேசத் தெரியாதவர் தலையில்தான் விழும். அடுத்த மாதம் முதலில் நிற்பவரும் அவர்தான்.

கடை காலை 7 முதல் இரவு 10 வரை என்றால் 7–4, 10.30–7.30, 1–10 என்று மூன்று ஷிஃப்ட் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேர இடைவேளை போக எட்டு மணி நேர வேலை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை வாங்கக்கூடாது, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். “பதினஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டுட்டு வா” என்பது பழக்கமாகிவிட்டதே தவிர, சட்டம் அதை ஏற்காது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம்.

வார விடுமுறைக்கு வருவோம். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் கூட்டம், மாதத்தின் முதல் வாரம் இன்னும் கூட்டம். இதைக் காரணம் காட்டிப் பல கடைகளில் ஞாயிறு விடுமுறையே கிடையாது. குழந்தை வைத்திருக்கும் பெண்கள் ஒரு வருடத்தில் வேலையை விடுவதற்கு இது ஒன்றே போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் ஞாயிறைத் தவிர்த்து மற்ற ஞாயிறுகளில் நாலு நாலு பேருக்கு விடுமுறை கொடுத்தால், ஏழு சுற்றில் 28 பேருக்கும் ஒன்று வந்துவிடும், அதாவது ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு. ஞாயிறு நாலு போக மீதி 24 விடுமுறை திங்கள் முதல் வெள்ளி வரை நாலு நாள் ஐந்து ஐந்தாகவும், ஒரு நாள் நாலாகவும் பிரியும். சனிக்கிழமை முழு ஆள். இந்தச் சுற்றை நோட்டீஸ் போர்டில் பெயரோடு ஒட்டுங்கள். தன் ஞாயிறு எந்தத் தேதி என்று தெரிந்தால், நடுவில் வரும் ஞாயிறுகளில் முணுமுணுப்பு வராது. உங்கள் பெயரும் அதே தாளில் இருக்கட்டும். உங்களுக்கு நெருக்கமான தோழிக்கு இரண்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு கிடைத்தால், மொத்தக் கடையும் அதை எண்ணி வைத்திருக்கும்.

திங்கட்கிழமை தொடங்கும் வாரத்தின் சார்ட் அதற்கு முந்தைய வியாழக்கிழமையே ஒட்டப்பட வேண்டும். மாற்றிக்கொள்ள விரும்பும் இருவர் ஒரு நாள் முன்பே நோட்டில் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளட்டும். உங்களிடம் கெஞ்ச வேண்டிய அவசியம் இருக்கக்கூடாது. இன்னொன்று: இரவு குளோசிங் பார்த்தவருக்கு மறுநாள் ஓப்பனிங் போடாதீர்கள். 10 மணிக்குக் கடை சாத்தி, கணக்கு முடித்து, மாங்காடு, குன்றத்தூர் பக்கம் வீடு போய்ச் சேர்ந்து, காலை 7 மணிக்குத் திரும்ப வருபவர் தூங்குவது நாலைந்து மணி நேரம். அன்றைக்குத்தான் 200 ரூபாய் சில்லறை தவறாகப் போகும். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 12 மணி நேரம் என்று ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் 10, 15 நிமிடம் தாமதமாக வரும் பெண்களைப் பிடிப்பதற்கு முன் பஸ்ஸைப் பாருங்கள். 2021 மே மாதம் முதல் மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. குறைந்த சம்பளத்தில் இருப்பவர், நடுவில் வரும் டீலக்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டு அந்தப் பிங்க் பஸ்ஸுக்காகத்தான் காத்திருப்பார். மாதக் கணக்கில் அது அவருக்குப் பெரிய பணம். அவர் ரூட்டில் பஸ் வரும் நேரத்தைக் கேட்டு, ஷிஃப்டை 7.15–4.15 என்று தள்ளிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. அதற்கும் தாமதமாக வந்தால் அப்போது பேசலாம்.

இரவு நேரம் பற்றி. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளை நாள் முழுவதும் திறந்து வைக்க அனுமதிக்கும் தமிழக அரசாணையின் நிபந்தனைகளில், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதமும், பாதுகாப்பும், போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும் என்றிருக்கிறது. மேலே சொன்ன மூன்று ஷிஃப்டில் முதல் இரண்டும் 8 மணிக்குள் முடிந்துவிடுகின்றன. 1–10 ஷிஃப்டுக்கு மட்டும் விருப்பமுள்ள பெண்களின் சம்மதக் கடிதத்தை ஃபைலில் வையுங்கள். வண்டி ஏற்பாடு கம்பெனி செலவு என்பதை ஏரியா மேனேஜரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம். மேனேஜரான உங்களுக்கும் சேர்த்தே கேளுங்கள். குளோசிங்கை உங்களுக்கும் இரண்டு அசிஸ்டென்ட்களுக்கும் பிரித்தால் உங்கள் பங்கு வாரத்துக்கு இரண்டு இரவு. வீட்டில் “தினமும் ராத்திரி” என்று நினைத்துத்தான் தயங்குகிறார்கள் போலிருக்கிறது. எந்த இரண்டு கிழமை, எந்த வண்டி, எத்தனை மணிக்கு வாசலில் இறங்குவீர்கள் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரிப் போகும்.

இப்போது கேஷ். இதில்தான் உங்கள் கடையில் அதிகக் கண்ணீர் என்று தெரிகிறது.

சம்பளத்தில் பிடிப்பதை முதலில் நிறுத்துங்கள். பணத்துக்குப் பொறுப்பானவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்த இழப்பு என்றால்தான் பிடித்தம் செல்லும். அதுவும் அவரிடம் விளக்கம் கேட்டு, பதிவு செய்த பிறகு, இழப்புக்கு மேற்படாமல். ஒரே டிராயரை மூன்று பேர் மாற்றி மாற்றித் திறக்கும் கடையில் யாருடைய கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆகவே ஒரு ஷிஃப்டுக்கு ஒரு டிராயர், ஒரு டிராயருக்கு ஒரே ஆள். தொடக்கச் சில்லறை 2,000 ரூபாய் என்று வையுங்கள். எந்த நோட்டு எத்தனை என்று எழுதிய சீட்டில் அவரும் கொடுப்பவரும் கையெழுத்து. டிராயரில் 10,000 தாண்டியதும் சூப்பர்வைசர் எடுத்துச் செல்ல வேண்டும், அதற்கும் சீட்டு. ரிலீவர் (மாற்று ஆள்) வந்து உட்கார்ந்தால் அவருக்குத் தனி டிராயர், தனி லாகின். கணக்கு முடிக்கும்போது கேஷியர் முதலில் எண்ணி எழுதட்டும்; சிஸ்டத்தில் வரவேண்டிய தொகை எவ்வளவு என்பதைப் பிறகு காட்டுங்கள். முன்பே காட்டினால் கணக்கு அந்தத் தொகைக்கு ஏற்ற மாதிரி வளையும். கூடுதலாக இருக்கும் பணம் பைக்குப் போகும், குறைவது மட்டும் உங்கள் காதுக்கு வரும்.

குறைந்த தொகை என்ன என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சரியாக 100, 200, 500 என்று குறைந்தால் சில்லறை கொடுத்ததில் தவறு. 347, 612 என்று வந்தால் ஒரு பில்லுக்குப் பணமே வராமல் போயிருக்கலாம். அன்றைய பில் பட்டியலில் அதே தொகையைத் தேடுங்கள். பெரும்பாலும் அது யூபிஐ பில்லாக இருக்கும். வாடிக்கையாளர் போனில் பச்சை டிக்கைக் காட்டிவிட்டுப் போயிருப்பார், பணம் கடைக்கு வந்திருக்காது. பில் தொகையோடு திரையில் வரும் கியூஆரை மட்டும் பயன்படுத்துங்கள். கவுண்டரில் ஒட்டிய அட்டையை எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கரில் சத்தம் வந்த பிறகே பையைக் கொடுக்க வேண்டும். பின்னால் வரிசை கத்தினாலும் பரவாயில்லை என்று நீங்கள் எல்லார் முன்னாலும் சொல்லி வைக்க வேண்டும்.

தினமும் இரவு இரண்டு பட்டியலைப் பாருங்கள்: கேன்சல் ஆன பில்கள், ஹோல்டில் போட்டு முடிக்காமல் விட்ட பில்கள். வேண்டுமென்றே பணம் எடுப்பவர் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றில்தான் மாட்டுவார். கேன்சல் பாஸ்வேர்டு உங்களிடமும் சூப்பர்வைசரிடமும் மட்டும் இருக்கட்டும். அவசரத்துக்கு என்று கேஷியரிடம் ஒருமுறை சொன்ன பாஸ்வேர்டு, அடுத்த வாரம் கடை முழுக்கத் தெரிந்திருக்கும்.

திருட்டு மாதிரித் தோன்றி, திருட்டே இல்லாத ஒன்றும் இருக்கிறது. காய்கறி ஸ்டாக் எடுக்கும்போது சாம்பார் வெங்காயம் 6 கிலோ குறையும்; உடனே சந்தேகம் காய்கறிப் பிரிவுப் பையன் மேல் விழும். அதே தாளில் நாலு வரி தள்ளிப் பார்த்தால் பெரிய வெங்காயம் 6 கிலோ கூடுதலாக இருக்கும். எடை மேசையில் இருப்பவர் சாம்பார் வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயத்தின் கோட் எண்ணைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். குண்டு மிளகாய்–நீட்டு மிளகாய், பெங்களூர் தக்காளி–நாட்டுத் தக்காளி, பூவன்–ரஸ்தாளி எல்லாம் இப்படிக் குழம்பும் ஜோடிகள். புதிதாக வந்த வட மாநிலப் பிள்ளைகளுக்கு இரண்டுமே ‘பியாஸ்’தான். படமும் கோட் எண்ணும் சேர்த்து அச்சடித்து, லேமினேட் செய்து, எடை மேசையில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். விலை வித்தியாசம் கிலோவுக்கு 30 ரூபாய் என்றாலும் 6 கிலோவுக்கு 180 ரூபாய், ஒரே நாளில். அந்தப் பையனிடம் “எங்கடா போச்சு” என்று கேட்பதற்கு முன் தாளை முழுக்கப் படிப்பது மேனேஜர் வேலை.

கேஷியர்களுக்கு இன்னும் மூன்று விஷயம். ஒன்று, நாற்காலி. 2021-ல் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை தருவது கட்டாயமானது. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் கவுண்டர் எட்டாது, இரண்டு நாளில் அது பைகள் வைக்கும் இடமாகிவிடும். கால் வைக்கக் கம்பி உள்ள உயரமான ஸ்டூல் வாங்குங்கள். கவுண்டருக்கு நடுவே இடமில்லை என்றால் ரேக்கை நாலு விரல் நகர்த்த வேண்டியதுதான். இரண்டு, பாத்ரூம். கவுண்டரை விட்டுப் போக முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொள்ளும் கேஷியர்கள் ஏராளம். கவுண்டரில் இல்லாத ஒருவரை, ரேக் அடுக்குபவராக இருந்தாலும் சரி, பில்லிங்கில் பழக்கி ரிலீவராக வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவராகவே கவுண்டர் கவுண்டராக வரட்டும். கை தூக்கி அனுமதி கேட்கும் முறை கூடாது.

மூன்று, அதிகாரம். ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: கவுண்டர் சண்டைகளில் பாதி இதில்தான் வருகிறது. நேற்றோடு முடிந்த ஆஃபரின் அட்டையை யாரும் எடுக்கவில்லை. திட்டு வாங்குவது கேஷியர். 50 ரூபாய் வரை வித்தியாசம் என்றால் ரேக் விலைக்கே பில் போட கேஷியருக்கு நீங்களே அனுமதி கொடுங்கள். அந்த ரேக் எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதிப் போடட்டும். மாலையில் அந்தச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பிரிவில் அட்டை மாற்றும் வேலை நடக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

இன்வேர்டு அண்ணன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எந்த டிஸ்ட்ரிபியூட்டர் எத்தனை மணிக்கு வருவார், யார் டேமேஜைத் திருப்பி எடுப்பார், கோயம்பேட்டிலிருந்து வரும் எந்த லோடில் அடிப்பெட்டி அழுகியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். முதல் வாரம் காலை லோடு இறங்கும்போது அவர் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: கம்பெனி சேல்ஸ்மேன்கள் முன்னால் அவரைத் திருத்திப் பேசாதீர்கள். அவர் சிரித்துவிட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் பெண் என்பதோ வயதோ மட்டும் இல்லை, யார் முன்னால் சொன்னீர்கள் என்பதும்தான்.

அதற்குப் பிறகு நடைமுறையை மாற்றுங்கள். சரக்கை முதலில் எண்ணி, எடை போட்டு, எழுதிய பிறகே இன்வாய்ஸைப் பார்க்க வேண்டும். இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினால் கண் அந்த எண்ணையே பார்க்கும். காய்கறியில் கிரேட் பெட்டியின் வெற்று எடையைக் கழிக்க வேண்டும். ஈரம் சொட்டும் கீரையை உதறிவிட்டு எடை போட வேண்டும். பாக்கெட் சரக்கில் எம்ஆர்பி, பேட்ச், எக்ஸ்பயரி மூன்றும் பார்த்து, ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மீதம் இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்கீமில் (கம்பெனி சலுகையில்) வரும் இலவசப் பீஸ்களும் ஸ்டாக்கில் ஏற வேண்டும். இதை அவரிடம் இப்படிக் கேட்கலாம்: “அண்ணே, ஷார்ட்டேஜ் வந்தா மொதல்ல உங்க செக்‌ஷனைத்தான் கேக்குறாங்க. நீங்க எண்ணி எழுதுன தாள் இருந்தா நான் உங்களுக்காகப் பேச முடியும். இல்லன்னா நான் என்னத்தக் காட்டுறது?” இது அவரைச் சமாதானப்படுத்தும் பேச்சு மட்டும் இல்லை, உண்மையும் அதுதான். ஒரு மாதம் கழித்தும் எண்ணாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் தனியாக ஒருமுறை பேசுங்கள். அடுத்த முறை எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஹெச்ஆர். வயதில் மூத்தவர் என்பதால் மூன்றாவது படியை விட்டுவிட்டால், இளையவர்களிடம் அதே விதியைச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது.

கூட வேலை பார்த்த தோழிகள் நீங்கள் மேனேஜரான பிறகும் ‘அக்கா’, ‘வாடி’ என்று கூப்பிட்டால் அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சென்னைக் கடைகளில் மேனேஜரை ‘அக்கா’ என்பது மரியாதைக் குறைவே இல்லை. ‘வாடி’ மட்டும் வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். எப்போதும் ஒரே கூட்டத்தோடு டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

ஏரியா மேனேஜரிடம் ‘பாவம் சார், ஆள் பத்தல’ என்று போனால் எடுபடாது. அவருக்குச் சம்பளச் செலவு விற்பனையில் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. அதே மொழியில் பேசுங்கள். உதாரணத்துக்கு, மாத விற்பனை 90 லட்சம். ஒருவருக்கான மொத்தச் செலவு 18,000 என்றால் 28 பேருக்கு 5.04 லட்சம், அதாவது 5.6 சதவீதம். இரண்டு பேரைக் குறைத்தால் மிச்சம் 36,000. இப்போது காய்கறிப் பக்கம் வாருங்கள். மாதக் கொள்முதல் 9 லட்சம், வேஸ்டேஜ் 9 சதவீதம் என்றால் 81,000 ரூபாய் குப்பைக்குப் போகிறது. அதை 6 சதவீதமாக்கினால் 27,000 திரும்பி வரும். எக்ஸ்பயரி சரக்கை டிஸ்ட்ரிபியூட்டரிடம் நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தால் மீதி 9,000 கிடைப்பது கடினமில்லை; கெடு தாண்டியதால் கிளெய்ம் ஆகாமல் டம்பில் (விற்க முடியாத சரக்கைப் போடும் இடத்தில்) கிடக்கும் சரக்கை இன்றே போய்ப் பாருங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவரைக் காய்கறிக்கும் இன்னொருவரை எக்ஸ்பயரி பார்ப்பதற்கும் மூன்று மாதம் கொடுங்கள், எண்ணைக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் கடையின் உண்மையான எண்களைப் போட்டு ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.

சொன்னதைச் செய்தும் காட்ட வேண்டுமே. காய்கறி ஆள் காலை 7, மதியம் 1, மாலை 5 என்று மூன்று வேளை அழுகலைப் பொறுக்க வேண்டும். ஒரு அழுகல் தக்காளி பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். வாழைப்பழத்தைக் கீரைக்கும் வெள்ளரிக்கும் பக்கத்தில் வைத்தால், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் அவை சீக்கிரம் மஞ்சளாகும். வாழைப்பழத்தைச் சில்லரில் (குளிர்பெட்டியில்) வைத்தால் தோல் கறுக்கும், 13 டிகிரிக்குக் கீழ் அது தாங்காது. மாலை 6 மணிக்கு மீதமிருக்கும் கீரைக்கு விலையைக் குறையுங்கள்; 9 மணிக்குக் குறைத்தால் வாங்க ஆள் இருக்காது. ஆர்டரைக் காலண்டரைப் பார்த்துப் போடுங்கள். அமாவாசைக்கு முதல் நாள் வாழைக்காயும் பூசணியும் போகும் வேகம் வேறு. புரட்டாசியில் முட்டை தேங்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாள் பொரி, கடலை, வெண்பூசணி. இந்தப் பட்டியலைக் கணினியைவிட உங்கள் கவுண்டரில் இருக்கும் பெண்கள் நன்றாகச் சொல்வார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். பால், தயிர் சில்லர் 5 டிகிரிக்குள், ஃப்ரீஸர் மைனஸ் 18. ஒரு நாளைக்கு மூன்று முறை எழுத வேண்டும், ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய தாளுக்கு மதிப்பில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) எனும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை நீங்களும் அந்தக் காய்கறி ஆளும் முடித்துவிடுங்கள். உணவுப் பொருளைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் அந்தச் சான்றிதழோடு இருக்க வேண்டும், உங்கள் அடுத்த பதவிக்கும் அது உதவும்.

புதியவர்கள் நிற்பதற்கு முதல் இரண்டு வாரம்தான் முக்கியம். முதல் நாளே கவுண்டரில் உட்கார வைக்காதீர்கள். மூன்று நாள் ரேக், மூன்று நாள் எடை மேசை, அடுத்த வாரம் பழைய கேஷியர் பக்கத்தில் நின்று பை போடுவது, பிறகு காலை வேளைக் கூட்டமில்லாத கவுண்டர். ஒருவரை ஜோடியாகக் கட்டிவிடுங்கள். முடிந்தால் அதே மொழி பேசுபவர். முதல் சம்பளம் வந்த அன்று பே-ஸ்லிப்பை எடுத்து வைத்து விளக்குங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் ஈஎஸ்ஐக்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25, பிஎஃப் 12 சதவீதம். ‘ஏமாத்திப் பிடிச்சுட்டாங்க’ என்று நினைத்து முதல் மாதமே போகிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பமானால் வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கும் பெண்களும் உண்டு. தேவையான நாட்கள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரப் பிரசவ விடுப்பு என்பதை நீங்களாகவே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்; மூட்டை தூக்கும் வேலையிலிருந்து மாற்றிவிட அப்போதுதான் அவர்கள் நேரத்துக்குச் சொல்வார்கள்.

தினமும் ஒருவர் என்று பத்து நிமிடம் பேசினால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் 28 பேரும் முடிந்துவிடும். மூன்றே கேள்வி: வேலையில் கையைக் கட்டிப்போடுவது எது, இந்த மாதம் வீட்டில் ஏதாவது விசேஷமோ தொல்லையோ உண்டா, அடுத்து எந்தப் பிரிவைக் கற்றுக்கொள்ள ஆசை. சொன்னதை நோட்டில் எழுதி, செய்ய முடியாததை முடியாது என்று அடுத்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பதிலே வராத கேள்வியைக் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல்.

கறாராக இருக்க வேண்டிய இடம் என்று ஒன்று உண்டென்றால் அது பெண்களின் பாதுகாப்பு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார், என்ன எண் என்று டிரெஸ்ஸிங் ரூமில் ஒட்டுங்கள். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கவுண்டரில் போன் நம்பர் கேட்டுத் தொல்லை செய்யும் வாடிக்கையாளர், குடோனில் கை படும்படி நடக்கும் டெலிவரி ஆள், பிராண்ட் புரமோட்டர் எல்லாரிடமிருந்தும் பாதுகாப்பது நிறுவனத்தின் பொறுப்பு. கேஷியர் சைகை காட்டியதும் ஆண் சூப்பர்வைசர் வந்து கவுண்டரை வாங்கிக்கொள்ள வேண்டும். ‘கஸ்டமர்தானே, விடும்மா’ என்ற பேச்சு உங்கள் கடையில் கேட்கக்கூடாது. வெளியே போகும்போது பை சோதனை செய்வதென்றால் பெண்களைப் பெண்ணே பார்க்க வேண்டும், உங்கள் பையும் திறக்கப்பட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு ஒரு தாள் தனியாக எழுதி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பால், பிரெட், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன் முதல் நாளே தீரும். கீழ் ரேக் சரக்கை மேலே ஏற்ற இரண்டு மணி நேரமாவது வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் பல நாள் தண்ணீர் நின்ற வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்திலிருந்து வருகிறவர்களை எந்த அளவு மழைக்கு மேல் கூப்பிடக்கூடாது, வராத நாளுக்குச் சம்பளம் எப்படி என்பதைச் செப்டம்பரிலேயே ஹெச்ஆரிடம் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, ஆஃபர் லெட்டருக்குச் சரி சொல்லும் முன். சம்பள உயர்வோடு இவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: லீவு அனுமதி யாரிடம், எவ்வளவு ரூபாய் வரை டேமேஜ் எழுத உங்களுக்கு அதிகாரம், ஆள் எடுப்பதில் உங்கள் சொல் செல்லுமா, இன்சென்டிவ் எந்த எண்ணை வைத்து, வாரத்துக்கு எத்தனை குளோசிங். உங்கள் கடையில் இதுவரை இருந்த ஷார்ட்டேஜ் உங்கள் கணக்கில் விழாமல் இருக்க, பொறுப்பேற்கும் நாளில் முழு ஸ்டாக் எண்ணிக்கை நடக்க வேண்டும். இரவு கடை சாத்திய பிறகு தொடங்கி, பழைய மேனேஜர், நீங்கள், ஆடிட் ஆள் மூவரும் இருக்க, பிரிவு பிரிவாக எண்ணி, வித்தியாசத்தை எழுதி, மூவரும் கையெழுத்துப் போடுங்கள். எலெக்ட்ரானிக் தராசுகளின் இந்த வருட முத்திரை, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸின் காலாவதித் தேதி, சேஃப்டி லாக்கரில் இருக்கும் பணம் மூன்றும் அதே தாளில் வரட்டும். ‘நம்ம கடைதானே, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று அவர் சொல்வார். எண்ணி முடித்துக் கையெழுத்தாகும்வரை சாவியை வாங்காதீர்கள்.